வரிக்கு முன்னால் விடும் இடம்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை பதினொன்று பத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மூன்று அமர்வுகள், இரண்டு தேநீர் இடைவேளைகள், ஒரு வெளிநடப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, எங்கள் குழுவின் பெயர் ‘மொழித் தேர்வுக் குழு’ அல்ல, ‘மொழித் தெரிவுக் குழு’ என்று ஒருமனதாகத் தீர்மானமானது. வெளிநடப்புச் செய்தவர் கழிப்பறைக்குத்தான் போயிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி சுகமா? எனக்குச் சளியைத் தவிர வேறு குறையில்லை. கண்ணைப் பற்றிக் கேட்காதே. பிறந்ததிலிருந்து விடுப்பில் இருக்கிறது, இன்னும் திரும்பவில்லை.

விஷயம் இதுதான். இனிமேல் நிறுவனம் முழுவதும் கணினிக்கு ஒரே நிரல்மொழிதானாம். எங்கள் தலைமையகத்தில் அடைப்புக்குறி மொழி. உங்கள் கிளையில் இடைவெளி மொழி. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். குழுவில் ஆறாவது ஆளாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். “உங்கள மாதிரி ஒருத்தங்க இருந்தா குழுவுக்கே ஒரு கௌரவம் மேடம்” என்றார் மேலதிகாரி. வாசலில் பூந்தொட்டி வாங்கி வைத்தபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

என் காதுக்கு அடைப்புக்குறிதான் சௌகரியம். ஒரு வேலை தொடங்கினால் “அடைப்பு திற” என்கிறது, திரையில் இருப்பதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டும் வாசிப்பான். முடிந்தால் “அடைப்பு மூடு” என்கிறது. கதவைத் திறந்து மூடுகிற மாதிரி. உங்கள் மொழியில் எல்லாம் வரிக்கு முன்னால் விடுகிற வெற்றிடத்தில் இருக்கிறது. வெற்றிடத்தைக் கண்ணால் பார்க்கலாம், காதால் எப்படிக் கேட்பது? “பன்னிரண்டு இடைவெளி, பதினாறு இடைவெளி” என்று அது ஒவ்வொரு வரிக்கும் எண்ணிச் சொல்வதற்குள் நான் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துபோகிறது. காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்று. அடைப்புக்குறி ஜெயித்தால் உங்கள் பன்னிரண்டு பேருக்கு ஏதாவது பாதகம் உண்டா? உள்ளதைச் சொல். போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் தங்கை

*

ஜனவரி 15

வாயாடிக்கு,

அம்மாவின் முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது. வானிலை அறிக்கையை நிறுத்திவிட்டோம். அண்ணி சுகம். நான் சுகம். சளிக்கு ஆவி பிடி, குழுவைப் பிடித்துக்கொண்டு உட்காராதே.

எங்களுக்கு என்ன பாதகம்? ஒரு மாதப் பயிற்சி கொடுப்பார்கள், கற்றுக்கொள்வோம். நாற்பத்தாறு வயதில் ஒரு அடைப்புக்குறி போடத் தெரியாதா எனக்கு? வருத்தமெல்லாம் ஒன்றுதான். என் அணியில் எவனாவது நான்குக்குப் பதில் மூன்று இடைவெளி விட்டால் அன்று அவனுக்கு மதியச் சோறு இறங்காது, அப்படி வளர்த்திருக்கிறேன். அந்தக் கெடுபிடி இனி வீணாகும்.

உன் காது எதைக் கேட்கிறதோ அதையே சொல். எங்களுக்காக ஒரு அரைப்புள்ளிகூட விட்டுக்கொடுக்காதே. உனக்கு ஒத்துவராத மொழியில் நீ தினமும் தடுமாறினால் அதைவிட எனக்கு வேறென்ன பாதகம்?

உன் அண்ணன்

[கிளை அலுவலகம் – நிரல் பிரிவு. இக்கடிதம் உரியவருக்கு மட்டும்.]

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் நினைத்துக்கொள்ள மட்டும்தான் முடிகிறது.

குழுவுக்குப் பெயர் வைக்க மூன்று அமர்வு தேவைப்பட்டது. மொழியைத் தீர்மானிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்கு எது வசதியோ அதுதான் எங்க எல்லாருக்கும் வசதி” என்றார் மேலதிகாரி. நான் அடைப்புக்குறி என்றேன். ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்களோ என்று ஒரு சந்தேகம். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நான் குருவி.

அப்புறம் புகைப்படம் எடுத்தார்கள். “கேமராவப் பாருங்க மேடம்.” “எந்தப் பக்கம் சார்?” அறையே துக்க வீடானது. நான் ஒருத்திதான் சிரித்தேன். அந்தப் படம்தான் இப்போது வரவேற்பறையில் மாட்டியிருக்கிறதாம்.

பயிற்சி எப்போது தொடங்குகிறது? போனை எடு.

உன் தங்கை

*

மார்ச் 1

வாயாடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அம்மா உன்னை மெலிந்துவிடாதே என்றாள். நான் பார்க்காமலே சரி என்று சொல்லிவைத்தேன்.

போன் பழுது. பழுது பார்க்கிறவர் நாளைக்கு வா என்கிறார், தினமும். பேச்சைவிடக் கடிதமே மேல். நிதானமாக யோசித்து எழுதலாம்.

பயிற்சி அமோகமாக நடக்கிறது. எங்களை ஒரு பெரிய அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவ்வளவு அமைதி, ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகங்களுக்குக் குறைவில்லை. பயிற்றுநர் என்று தனியாக ஒருவர் இல்லை, நாமே படித்துக்கொள்ள வேண்டும், நவீன முறையாம்.

உன் படம் வந்த அறிவிப்பைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறாய். மெலியவில்லை.

உன் அண்ணன்

[பொது நூலகம் – கணினி எண் 4. ஒருவருக்கு 30 நிமிடம் மட்டும். உணவுப் பொருள் உள்ளே அனுமதியில்லை.]

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு நான் தனியாக எழுதி வெகுநாளாகிறது. மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து உங்கள் முதுகு என்னவாயிற்று?

ஒரு விஷயம். அண்ணன் மின்கடிதத்தின் அடியில், கண்ணுள்ளவர்கள் யாரும் வாசிக்காத இடத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி வருகிறதாம். பக்கத்து மேசைக்காரியைப் பார்க்கச் சொன்னேன்; அவளுக்கே நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் வாசிப்பானுக்கு நிறம், அளவு, நாகரிகம் ஒன்றும் கிடையாது. இருப்பதையெல்லாம் ஒரே குரலில் வாசித்துவிடும். “உன் அண்ணன்” என்று சொன்ன அதே குரலில் “பொது நூலகம், கணினி எண் நான்கு” என்றும் சொன்னது.

அண்ணன் வேலை நேரத்தில் நூலகத்தில் என்ன செய்கிறார்?

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதுகு இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. நீ நன்றாகச் சாப்பிடு.

ஜனவரிக் கடைசியிலேயே முன்னறிவிப்பாம், பிப்ரவரி பத்தாம் தேதி பன்னிரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். கிளையையும் மூடியாயிற்று. உன் அண்ணன் என்னிடமும் சொல்லவில்லை. கூட வேலை செய்தவரின் மனைவி எங்கள் மருத்துவமனைக்குக் காய்ச்சலுக்கு வந்தவள், டோக்கன் வாங்கிக்கொண்டே சொன்னாள்.

அவர் தினமும் எட்டரைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கிளம்புகிறார். நான் டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறேன். “இன்னைக்கு வேல ஜாஸ்தியா?” என்று கேட்கிறேன். “தலைக்கு மேல” என்கிறார். அத்தைக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். ஆபீஸ் பற்றிய பேச்சை எடுப்பதே இல்லை. இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்குக் கொடுத்த கடிதத்தை அவர் சட்டைப் பையில் பார்த்தேன். “பார்வையற்ற ஊழியரின் வசதியை முன்னிட்டு எடுக்கப்பட்ட கொள்கை முடிவின் காரணமாக” என்று இருந்தது. நான் உன்மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த நூலகத்துக்கும் போகமாட்டார்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம். சளி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே இருக்கிறது. அம்மா நடக்கிறாளா?

உன் பயிற்சி நல்லபடி நடப்பது குறித்து மகிழ்ச்சி.

இங்கே ஒரு காலியிடம். ஒன்றே ஒன்று. அனுபவமுள்ளவர் வேண்டுமாம். தேர்வு மே பத்தாம் தேதி, உங்கள் ஊரிலேயே; உங்கள் கிளைக் கட்டடத்தின் முதல் மாடியில்தானாம். அடைப்புக்குறி மொழியில், கணினியிலேயே எழுத வேண்டும். விடைத்தாள் திருத்தப்போவது நான்தான். சிபாரிசு என்று யாரும் வாய் திறக்கக்கூடாது என்பதற்காக, தாளில் பெயர் இருக்கக்கூடாது, எண் மட்டும் போதும், அது யாருடைய எண் என்று என்னிடம் யாரும் சொல்லக்கூடாது என்று நானே விதி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதற்கும் மேசையைத் தட்டினார்.

உனக்குத்தான் வேலை இருக்கிறதே. உன் நண்பர்கள் யாருக்காவது உதவும் என்று அனுப்புகிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அண்ணனுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். கண்டுகொள்ளாதது போல் இருங்கள், உங்களுக்குப் பழக்கம்தான்.

உங்கள் உடம்பைக் கேட்பதற்கு முன்னால் இதை இறக்கிவைத்துவிடுகிறேன். எங்கள் பரிசோதனைப் பிரிவில் ஒரு பெண், குரலை வைத்து ஊசி என்று கூப்பிடுவோம். போன வாரம் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, இத ஆன் பண்ணிப் பாத்திருக்கீங்களா?”

“எத?”

“வரிக்கு முன்னால இடம் விட்டா பீப் அடிக்கும். உள்ள போகப் போக சத்தம் மேல ஏறும். எண்ணவே வேணாம்.”

என் வாசிப்பானில் போட்டுக் காட்டினாள். அண்ணி, பத்தே நிமிடம். இடைவெளி மொழி எனக்கு மாடிப்படி ஆகிவிட்டது. ஏறுவதும் இறங்குவதும் காலில் தெரிகிற மாதிரி காதில் தெரிகிறது. அடைப்புக்குறியைவிட இதுவே சுகம்.

“இது எத்தன நாளா இருக்கு?”

“பல வருஷமா இருக்குக்கா. செட்டிங்ஸ்ல மூணாவது பக்கம்.”

நான் இரண்டாவது பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். பன்னிரண்டு குடும்பம் மூன்றாவது பக்கத்தில் இருந்தது.

மேலதிகாரியிடம் ஓடினேன். முடிவை மாற்றுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். “மேடம், உங்களுக்காக எடுத்த முடிவ நீங்களே வேணாம்னா வெளியில என்ன நெனைப்பாங்க? பார்வையில்லாதவங்க பேச்ச நாங்க கேக்கலன்னு ஆயிடாதா?” என்றார். ரொம்பவும் மன்றாடிய பிறகு அந்த ஓர் இடத்தைக் கொடுத்தார்.

பீப் விஷயத்தை அண்ணனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எதற்காக வேலை போனது என்பதற்கு இருந்த ஒரு காரணத்தையும் எப்படிப் பிடுங்குவேன்? நீங்களும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் செய்யுங்கள்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 20

வாயாடிக்கு,

அம்மா தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து சாதனை படைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி நலம், முன்பைவிட அதிகமாகச் சோறு கட்டித் தருகிறாள். சளிக்கு மருத்துவரைப் பார்.

உன் அறிவிப்பை நண்பர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். ஒருவர் எழுதலாம். கொஞ்சம் வயதானவர். உனக்குப் பயப்படுகிறார். “உங்க தங்கச்சி கறாராமே?” என்றார். “கறார்தான். ஆனா காது இருக்கு” என்றேன். உன்னிடம் எப்படி எழுதினால் எடுபடும் என்று கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. அது சிபாரிசுக்குச் சித்தப்பா.

எனக்கு வேலை தலைக்கு மேல். அடைப்புக்குறி இப்போது தூக்கத்திலும் வருகிறது.

உன் அண்ணன்

[பொது நூலகம் – கணினி எண் 2. ஒருவருக்கு 30 நிமிடம் மட்டும். உணவுப் பொருள் உள்ளே அனுமதியில்லை.]

*

மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள், அம்மா, முதுகு, முழங்கால் யாவரும் நலமா? இன்று எனக்கு மனசு லேசாக இருக்கிறது. மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை.

இருபத்து மூன்று தாள்கள். எல்லாம் என் வாசிப்பானின் ஒரே குரலில். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த விதி என் கழுத்தையே பிடித்தது. இதில் அண்ணனை எங்கே தேடுவது?

ஒரு குறுக்குவழி செய்தேன். நூறில் எண்பது விடைக்கு, இருபது வரி ஒழுங்குக்கு. இதைத் தேர்வர்களிடம் சொல்லவில்லை, திருத்தும்போது நானாகச் சேர்த்தது. அடைப்புக்குறி மொழியில் வரிக்கு முன்னால் இடம் விட்டாலும் விடாவிட்டாலும் நிரல் ஓடும். அதனால் பாதிப் பேர் ஏனோதானோவென்றுதான் விடுவார்கள். அண்ணன் அப்படியில்லை. நான்கு என்றால் நான்குதான். பீப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

நான்காம் எண் தாளில் கிடைத்துவிட்டார். நான்கு, எட்டு, பன்னிரண்டு. ஒரு படி தவறாத ஏற்றம், ஒரு படி தவறாத இறக்கம். நடுவில் குறிப்புரையாக ஒரு வரி: “இந்த வளையத்திலிருந்து வெளியே வர மாமியார் அனுமதி தேவையில்லை.” வேறு யார் இப்படி எழுதுவார்கள்? விடைக்கு எழுபத்தொன்று, ஒழுங்குக்கு முழு இருபது. தொண்ணூற்றொன்று.

அடுத்த இடத்தில் ஒரு பதினேழாம் எண். கெட்டிக்காரர்தான், விடைக்கு எண்பதுக்கு எண்பது, அவர் ஒருவர்தான். ஆனால் தாள் முழுக்க ஒரு பீப் இல்லை. எல்லா வரியும் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி ஓரத்தோடு ஓரம். இவர் எந்தக் காலத்திலும் அண்ணனாக இருக்க முடியாது என்று தெரிந்தது. ஒழுங்குக்குச் சுழியம் போட்டு, “நிரலில் கட்டுப்பாடு போதாது” என்று குறிப்பும் எழுதினேன். எண்பதோடு நின்றார்.

பட்டியல் வெள்ளிக்கிழமை போய்விட்டது. இனி டிபன் பாக்ஸை நிஜமாகவே கட்டலாம் அண்ணி.

உங்கள் நாத்தனார்

*

மே 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மருத்துவமனையில் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

தேர்வு முடிந்த மறுநாளே உன் அண்ணன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிளை மூடியது, நூலகம், எல்லாம். எனக்குத் தெரியாதது போலவே கேட்டேன். அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். விடையெல்லாம் சரி என்று அவருக்கு நிச்சயம்.

“அந்த அறிவிப்பே எனக்காகத்தான் அனுப்பியிருக்கா. என் தாள அவ கண்டுபுடிச்சிருவா பாரேன்” என்றார்.

“பேரே இல்லாம எப்படி?”

“எனக்கு ஒரு வழி தெரியும். இடைவெளின்னா அவளுக்குக் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்குமாம், எழுதியிருந்தா. அதனால ஒரு வரிக்குக்கூட முன்னால இடம் விடல. எங்க ஆளுங்க எவனுக்கும் அப்படி எழுதக் கை வராது. எனக்கே வரல. ஒரு மாசம் நூலகத்துல உக்காந்து பழகினேன்.”

அவர் எண் பதினேழு.

பீப் விஷயத்தை நான் அவரிடம் மூச்சு விடவில்லை. நீ சத்தியம் வாங்கியிருந்தாய். அறிவிப்புப் பலகையில் முடிவை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தார். குறிப்பையும் ஒட்டியிருக்கிறார்கள். “நியாயமாத்தான் திருத்தியிருக்கா” என்றார். சட்டையை மடித்து வைத்துவிட்டார், இன்று கிளம்பவில்லை.

ஏதாவது செய்ய முடியுமா?

அத்தை உன்னைக் கேட்டார்கள்.

உன் அண்ணி

*

ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். என் சளி விட்டுவிட்டது.

தேர்வை எழுதிய உன் நண்பரிடம் ஒன்று சொல். மறுமதிப்பீடு கேட்டு மேலதிகாரியிடம் நான்கு முறை போனேன். “எந்தத் தாளுக்கு மேடம்? அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றால் தேர்வே செல்லாது. அந்த இடமும் ரத்தாகும். தெரியாது என்றேன். தெரியாதவருக்காக ஏன் கேட்கிறீர்கள் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

நான்காம் எண்காரர் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். உன் அணியில் எட்டு வருடம் இருந்தவராம். இரண்டு பெண் குழந்தைகள். மரியாதையான மனிதர். வரிக்கு வரி இப்படி ஒழுங்காக இடம் விட எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “எங்க சார்கிட்ட மேடம். மூணு விட்டா விடமாட்டாரு. அந்த மாமியார் ஜோக்கும் அவரோடதுதான்” என்றார். சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று அவர் என்னைக் கேட்டார். பயிற்சியில் இருப்பதாகச் சொன்னேன்.

அவருக்கு என் இடது பக்கத்து மேசையைக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் தங்கை